கேட் அக்காவும் தாழ்ப்பாள் நாளும்

“போட்டோவுல இவன் நின்னா நான் நிக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

“ஏன், நீ நிக்கலைன்னா கேமரா வேலை செய்யாதா? அவனும் நம்ம வகுப்புதானடா?”

“நம்ம வகுப்பு மூஞ்சியில கரி பூசினவன்டா இவன். இவன்கிட்ட ஒரே ஒரு வேலை குடுத்தோம். தாப்பாளை எடுக்கணும். அதைக்கூட உருப்படியாச் செய்யலை.”

“எடுத்தேன்டா. எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்.”

“பாத்தியா, பாத்தியா. நினைக்கிறானாம். இத்தனை வருஷமா நினைச்சிக்கிட்டே இருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் இந்தச் சண்டை நடந்தபோது நான் உள்ளே ஜியோமெட்ரி பாக்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர் சார். தெருவில் குரல் உயர்ந்தால் என் கை தானாக மெதுவாகிவிடும். அது பிறவிக்குணம். அதை நான் குற்றமாக நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவள் காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்? உங்களையும் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதீர்கள். எதற்காக என்பதை இந்தக் கான்ஸ்டபிள் முன்னால் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் அவரைத் தேநீர் வாங்கிவர அனுப்புங்கள், சொல்கிறேன்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை.

பள்ளிக்கூடத்தின் கதை உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஒரு மரக்கடை முதலாளிக்கு ஒரே மகன். சேர்த்த பள்ளிகளிலெல்லாம் தோற்றான். நம் பிள்ளை தேறுகிற மாதிரி நாமே ஒரு பள்ளிக்கூடம் கட்டுவோம் என்று முதலாளி கட்டினார். மகன் அதிலும் தோற்றான். வெறுத்துப்போய் அவர் அதை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தது இப்படித்தான். ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கிறார்களே ஒரு படம், எதையோ தொலைத்த முகத்தோடு ஒருவர், அவர்தான்.

தாழ்ப்பாள் நாள் பிறகு வந்தது. பழைய ஹெட்மாஸ்டர் ஒருவர் வரைபட அறைக்குள் இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அவர் கத்திக் கத்திப் பார்த்து, கடைசியில், “எவன் திறக்கிறானோ அவன் வகுப்புக்கு அரைநாள் லீவு” என்றார். விடுவார்களா பிள்ளைகள்? அடுத்த வருடம் தெரிந்தே பூட்டினார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பள்ளியை விட்டுப் போகும் வகுப்பு, தனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் ஒருவரைக் கடைசி நாளன்று வரைபட அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போடும். அவர் உள்ளேயிருந்து கதவை இடித்து, “ஐயோ, காப்பாத்துங்க, கொல்றாங்க” என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் அவருக்கு மரியாதை போய்விடும். பிள்ளைகள் வெளியே நின்று பாடுவார்கள். அவர் லீவு என்று சொன்னதும் வகுப்புத் தலைவன் தாழ்ப்பாளை எடுப்பான், எல்லோரும் ஓடிவிடுவார்கள்.

எந்த ஆசிரியர் எப்படிக் கத்தினார் என்று தெருவே மார்க் போடும். டீக்கடைக்காரர் அன்றைக்குப் பால் கூடுதலாக வாங்குவார். கணக்கு டீச்சர் ஒருவர் உள்ளேயிருந்து ஒப்பாரியே வைத்தார். அவரை மிஞ்ச ஆளில்லை என்று வெகுநாள் பேசிக்கொண்டோம்.

இனி கேட் விஷயம். அது இல்லாமல் இது புரியாது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியை மூடிவிட்டு ஊரின் மறுகோடிப் பள்ளியோடு சேர்த்துவிட மேலிடத்தில் முடிவு செய்தார்கள். பெஞ்சுகளை ஏற்றிப்போக லாரி வந்தது. அப்போது ஒரு பெண் அந்த இரட்டைக் கதவு இரும்பு கேட்டின் உச்சியில் ஏறி, இந்தக் கதவில் ஒரு காலும் அந்தக் கதவில் ஒரு காலுமாக உட்கார்ந்துவிட்டாள். திறந்தால் விழுவாள். லாரிக்காரர் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் வண்டிக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே கூடிவிட்டது. பள்ளிக்கூடம் தப்பித்தது.

அந்தப் பெண்தான் நான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட் அக்கா என்று என்னைச் சும்மாவா கூப்பிடுகிறார்கள்? அப்பா காலத்துக் கடைக்குக் கேட் ஸ்டோர்ஸ் என்று பெயர் மாற்றியதே அதற்காகத்தான். என் கடையில் ரப்பர் வாங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கதை இலவசம். ஆண்டுவிழாவில் என்னை மேடையில் ஏற்றி, “நம் பள்ளியைக் காத்த வீராங்கனை” என்பார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். பரிசு கொடுக்கும் பொறுப்பும் எனக்குத்தான். நீங்கள்கூட ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து என் கையால் ஒரு சோப்பு டப்பா வாங்கியிருக்கிறீர்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூற்றாண்டு வந்தது. மலர் போடுவோம், பள்ளியின் வரலாற்றை எழுதுவோம் என்றார்கள். எழுதும் வேலை வரலாறு சாரிடம் வந்தது.

நல்ல மனிதர். குறையே சொல்ல முடியாது, முயன்று பார்த்திருக்கிறேன். குண்டு உடம்பு, சிரித்த முகம், மூச்சிரைப்பு. ஒரு போரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சுவார். பிள்ளைகள் அதற்குப் ‘போர்நிறுத்தம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் துள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“அக்கா, ஒரு படம் கிடைச்சிருக்கு. பாத்தா அசந்துருவீங்க. அந்தப் பழைய ஸ்டூடியோவைக் காலி பண்றாங்கள்ல, அங்க குப்பையில கிடந்துச்சு.”

கண்ணாடி மேசைமேல் வைத்தார். கேட் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நெட்டை. என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், நெட்டச்சி என்போம். கீழே ஒரு பெண் இரண்டு கையிலும் ஒரு ஜோடிச் செருப்பை ஏந்திக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“மேல இருக்கிறது யாருக்கா? கீழ செருப்போட நிக்கிறது நீங்கதானே? மூக்கு அப்படியே இருக்கு பாருங்க.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. புதையல் கிடைத்த குழந்தை மாதிரி சொன்னார். நான், படம் என்பது ஒரு நொடியைத்தானே காட்டும் சார், அதற்கு முன்னால் யார் ஏறினார்கள், பின்னால் யார் ஏறினார்கள் என்று காட்டுமா என்றேன். அவர் சிரித்தார்.

“செருப்பைப் பாத்துக்கவும் ஒரு ஆள் வேணும்லக்கா. அதுவும் வரலாறுதான். நடுப்பக்கத்துல முழுசாப் போடப்போறேன்.”

“மேல்பாதி மட்டும் போடக் கூடாதா சார்?”

“வரலாறை வெட்டக் கூடாதுக்கா.”

அந்த நெட்டச்சி என்ன ஆனாள் என்றா கேட்கிறீர்கள்? அப்போதே அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. இதையெல்லாம் ஆரம்பித்தது யார் என்று ஹெட்மாஸ்டர் என்னைக் கேட்டார். பெரியவர் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியாதே, சொன்னேன். அப்புறம் இரண்டு வருடத்தில் ஊர் முகத்தை மறந்துவிட்டது, கேட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. ஒருநாள் ஒரு சின்னப் பெண் கடையில் வந்து, “அது நீங்களா அக்கா?” என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய்யாகாது.

அந்த வருடம் தாழ்ப்பாள் நாளுக்கு வரலாறு சாரையே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு ஒரே பெருமை. சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

வரைபட அறை உங்களுக்குத் தெரியும், கேட்டுக்கு நேர் உள்ளே, வராந்தாவின் முனையில். வெயில் பட்டால் வரைபடம் வெளுத்துவிடும் என்று ஜன்னல் வைக்காமல் கட்டியது. உச்சியில் ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும். கடையில் உட்கார்ந்தால் அந்தக் கதவு எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் அவரைத் தூக்காத குறையாக உள்ளே தள்ளினார்கள். அவர் கத்தினார், சுமாராகத்தான். சீக்கிரமே லீவு கொடுத்துவிட்டார். வகுப்புத் தலைவன், கேப்டன் என்று கூப்பிடுவார்களே அந்தப் பையன், தாழ்ப்பாளை எடுத்தான். கதவை ஒரு சாண் திறந்தான். உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அப்புறம் மற்றவர்கள் பின்னால் ஓடிவிட்டான். வாட்ச்மேனும் பின்பக்க வாசலைப் பூட்டப் போய்விட்டார்.

நான் தெருவைக் கடந்து உள்ளே போனேன். அவர் படத்தைப் பற்றி மனம் மாறியிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. வராந்தாப் படியில் இன்ஹேலர் கிடந்தது. தள்ளுமுள்ளில் விழுந்திருக்க வேண்டும். எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன், இதை எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே சார் தரையில் விழுந்து கிடந்த வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டச் சுருட்டத் தூசி கிளம்பியது. மூச்சு கொஞ்சம் விசிலடித்தது. பையைத் தடவிக்கொண்டார். மேசைமேல் அந்தப் படமும் அவர் எழுதிய வரலாற்றுத் தாள்களும் இருந்தன.

“வாங்கக்கா. சாயங்காலம் எல்லாம் பிரஸ்ஸுக்குப் போகுது.”

“அந்தப் படமும் போகுதா சார்?”

“அது இல்லாமலா? நீங்க ஏன்கா கலங்குறீங்க? பொய் யார்தான் சொல்லலை? நான் அழகா ஒரு வரி எழுதிட்டேன். ‘தெருவுக்கே இனிப்பான கதை சொன்ன நம் அக்கா’ன்னு. அன்போட எழுதியிருக்கேன்.”

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், சார். கோபப்படுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். அன்போடு எழுதியிருக்கிறேன் என்றார். அது அச்சில் ஏறினால் அடுத்த நூறு வருடத்துக்கும் அன்போடு சிரிப்பார்கள்.

படத்தையும் தாள்களையும் எடுத்துக்கொண்டேன். “பாத்துட்டுத் தாங்கக்கா” என்றார், குனிந்தபடியே. வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். எனக்குக் கொஞ்சம் யோசிக்க நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கதவு சாத்தியிருந்தால் நன்றாக யோசிக்கலாம்.

கடைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் இன்ஹேலர் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். டிராயரில், ரப்பர்களோடு போட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆளை அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். டிராயர் கொஞ்சம் இறுகும், தூக்கி இழுக்கச் சொல்லுங்கள்.

சார் கதவை இடிக்க ஆரம்பித்தார். “அக்கா” என்று கூப்பிட்டார். அப்புறம் “காப்பாத்துங்க” என்றார். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

“முதல்ல சொதப்பினாரு. இப்பப் பாருங்க, பிச்சு உதறுறாரு” என்றார் டீக்கடைக்காரர்.

“அந்த இழுப்பு இருக்கே, அப்படியே நிஜம் மாதிரி” என்றார் இன்னொருவர்.

லேபிள் வாங்க வந்த ஓர் அம்மாதான் கொஞ்சம் முகம் சுளித்தாள். “என்னக்கா, பசங்க இன்னும் திறந்து விடலையா?”

“பசங்களாச்சே, எப்ப விடுவாங்களோ” என்றேன் நான்.

யோசித்துப் பாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லை.

நீங்கள் நினைக்கிறீர்கள், எழுந்து போய்த் திறந்திருக்கலாமே என்று. திறந்திருக்கலாம். கடையில் வேறு ஆள் இல்லை. போட்டுவிட்டுப் போனால் பேனாக்களைத் திருடிவிடுவார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. “அப்பாடா, விட்டுட்டாங்க போல” என்று டீக்கடைக்காரர் டம்ளர்களைக் கழுவப் போனார். நான் அந்த அம்மாவுக்கு லேபிளோடு ஒரு கவரையும் விற்றேன். அவள் கேட்டது லேபிள் மட்டும்தான்.

சாயங்காலம் வாட்ச்மேன் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு பெரிய உலக வரைபடத்தைப் பிடித்து இழுத்தபடி விழுந்திருந்தாராம். தாழ்ப்பாள் வெளியே போட்டபடி இருந்தது. எல்லோரும் கேப்டனைத்தான் பார்த்தார்கள். “எடுத்தேன், சத்தியமா எடுத்தேன்” என்று அவன் அன்றைக்குச் சொன்னான். ஹெட்மாஸ்டர் அறைந்தார். அப்பா அறைந்தார். நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பரீட்சைக்கு அவன் வரவில்லை. அப்போது உங்கள் நாற்காலியில் இருந்தவர் என்னையும் கேட்டார்: “எதிர்லதான இருந்தீங்க, பையன் தாப்பாளை எடுத்ததைப் பாத்தீங்களா?” கூட்டமாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்றேன். கூட்டமாக இருந்தது உண்மை. விளையாட்டு வினையானது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

தாழ்ப்பாள் நாளை நிறுத்தினார்கள். மலர், வரலாறு இல்லாமலே வந்தது; வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் மட்டும். யாருக்கும் எதுவும் குறைவதாகத் தெரியவில்லை. படத்தையும் தாள்களையும் நான் அடுப்பில் போட்டுவிட்டேன். அடுத்த ஆண்டுவிழாவில் வழக்கம்போல மேடையேறினேன். வரலாறு சாருக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது நானும் நின்றேன், அழுதேன். நிஜமான அழுகை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போது நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு. பழைய மாணவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான் முதலில் சொன்ன சண்டை அப்போது நடந்ததுதான். மற்றவர்கள் போட்டோவுக்கு உள்ளே போன பிறகு கேப்டன் மட்டும் கடைக்கு வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. எங்கோ வேன் ஓட்டுகிறானாம். அவன் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாதாம், குளியலறைக்குக்கூட. அதைச் சொல்லி மனைவி தினமும் சண்டை போடுகிறாளாம். எப்படிக் குளிக்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது; கேட்கவில்லை.

“அக்கா, நீங்க ஒருத்தர்தான் நேர் எதிர்ல இருந்தீங்க. நான் எடுத்தேனா இல்லையா? எதுன்னாலும் சொல்லிடுங்க. இல்லைன்னு சொன்னாக்கூட எனக்கு நிம்மதிதான். மாறி மாறி நினைச்சே பைத்தியம் புடிச்சிரும் போல இருக்குக்கா.”

“தண்ணி குடி தம்பி” என்றேன். குடித்தான்.

“கூட்டமா இருந்துச்சே தம்பி.”

தலையை ஆட்டினான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். நல்ல வளர்ப்பு.

அதற்காக நான் இங்கே வரவில்லை. அன்றைக்கு ஹாலில் நடந்ததற்காக வந்தேன்.

சிறப்பு விருந்தினர் யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், மேடையில் இல்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் உதைத்தது. திரை விலகினால் சுவர் உயரத்துக்கு அந்தப் படம். அவளிடமும் ஒரு பிரதி இருந்திருக்கிறது. நெட்டச்சி மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் நெட்டையாகவே. மைக்கைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“கீழ நிக்கிறாளே, அவ என் பக்கத்து சீட்டு. அன்னைக்கு நான் போட்டிருந்தது புதுச் செருப்பு. தொலைஞ்சா வீட்ல அடிப்பாங்கன்னு இவகிட்டக் குடுத்தேன். பாவம், சோறு தண்ணி இல்லாம சாயங்காலம் வரைக்கும் கீழயே வைக்காமப் பிடிச்சிக்கிட்டு நின்னா. இவளுக்கு ஒரு கைதட்டு குடுங்க.”

கொடுத்தார்கள், சார். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு. செருப்புக்காக. வெளியே வரும்போதே சின்னப் பிள்ளைகள், “செருப்பு அக்கா, ஒரு பென்சில்” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றிரவும் நேற்றிரவும் முழுக்க யோசித்தேன். இந்த ஊரில் இனி என் பேச்சை யார் நம்புவார்கள்? நம்ப வைக்க ஒரே வழிதான் தெரிந்தது. தனக்கே கேடு வருகிற உண்மையை ஒருத்தி தானாக வந்து சொன்னால், அவள் சொல்கிற மற்றதையும் நம்பித்தானே ஆக வேண்டும்? அதுதான் இன்று காலையில் கடையைத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். வரலாறு சாரின் மனைவி அந்த வருடமே வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கையோடு போய்விட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், வரலாறு வேண்டாம் என்று வீட்டில் முன்னாலேயே சொல்லிவிட்டார்களாம். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு மகனோடு போனார். டீக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் யார் கத்தினாலும் சிரிப்பதில்லை என்கிறார்கள். நெட்டச்சி நேற்றுக் காலை கிளம்பிவிட்டாள். போகும்போது கடைக்கு வந்து, எனக்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்பு கொடுத்துவிட்டுப் போனாள், அன்போடு. கேப்டன் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலிலேயே போய்விட்டான். முகவரி விசாரித்து அவனிடம் சொல்லிவிடுங்கள்: எடுத்தான். நான் பார்த்தேன். கும்பிடுகூடப் போட்டான்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டாரா? கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்காகத்தான் இவ்வளவும். அன்றைக்கு அந்த கேட் மேல் முதலில் ஏறியது நான்தான். ஒரு கொலையையே தானாக வந்து ஒப்புக்கொள்கிறவள், போயும் போயும் ஓர் இரும்புக் கதவுக்காகவா பொய் சொல்லப்போகிறாள்?